தலைக்கு மேலே டொக் டொக்

குடியிருப்பில் அன்று காசில்லாச் சந்தை. பொருளுக்குப் பொருள் மாற்றிக்கொள்ளலாம். தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்துத் தெரியாததைக் கற்றுக்கொள்ளலாம். தையல்காரம்மா போனது இரண்டுக்கும் இல்லை. போன மாதம் மாடி வீட்டுக்கு யாரோ குடிவந்ததிலிருந்து, இவள் தையல் மெஷினில் உட்கார்ந்தாலே தலைக்கு மேல் டொக் டொக் என்று ஒரு சத்தம். அது என்னவென்று தெரியாமல் மண்டை காய்ந்துபோயிருந்தது.

மேசைகளில் ஒட்டியிருந்த வீட்டு எண்களைப் பார்த்துக்கொண்டே போய், மாடி வீட்டுக்காரியின் மேசையைக் கண்டுபிடித்தாள். சுத்தியலோ தச்சுச் சாமானோ இருக்கும் என்று எட்டிப் பார்த்தால், இரண்டு மரக்கரண்டிகள்தான் கிடந்தன.

"இத வச்சு என்ன சொல்லித் தருவீங்க?"

"சமையல் சொல்லித் தரலாம்னு வந்தேன்க்கா. ஆனா எனக்கு ஒரு பாட்டு கத்துக்கணும். கீழ் வீட்டுல ஒரு அம்மா தைக்கும்போதெல்லாம் அதத்தான் பாடுறாங்க. நானும் தரையில உக்காந்து கரண்டியால தாளம் போட்டுப் பாக்குறேன், மூணாவது வரி மட்டும் பிடிபட மாட்டேங்குது. அவங்கள உங்களுக்குத் தெரியுமா?"

தையல்காரம்மா திருதிருவென்று விழித்தாள்.

"தெரியும்," என்றாள் மெதுவாக. "ஆனா அவ பாடுவான்னு எனக்கு இப்பதான் தெரியும்."