நடுவிடம் கேட்ட போர்வை

1

இந்தக் கதை எனக்கு எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்குள் எனக்கு இடமில்லாமல் போனது, அதனால் வந்தது. மர்பி டவுனில் எங்களுக்கு இருப்பது ஒரே அறை. அதை ஒரு போர்வை பிடித்துக்கொண்டது. கூட்ஸ் ஷெட்டில் மூட்டை இறக்கிவிட்டு வந்தவன் காலை நீட்டிப் படுக்கலாம் என்று பார்த்தால், பாய் இருந்த இடத்தில் போர்வை, பானை இருந்த இடத்திலும் போர்வை.

"மிதிக்காதய்யா, தர்மத்துக்குப் போறது!" என்றாள் என் பெண்டாட்டி.

வெளியே வந்து, துணி துவைக்கிற தொட்டியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தேன். வயதுபோன பிறகு எழுத்துப் படித்தவனுக்குச் சும்மா உட்கார்ந்தால் கை அரிக்கும். இப்படி ஆரம்பித்தேன்:

அல்சூர் ஏரியின்மேல் பொற்கதிர்கள் தவழ்ந்த அந்த இனிய மாலையில், பவுலின் என்னும் மங்கை தன் மென்விரல்களால்—

நிறுத்திவிட்டேன். மாலையில் அவள் குழாயடியில் குடத்தோடு நிற்பாள். மென்விரல் என்று எழுதியது என் கைதானா என்று எனக்கே சந்தேகம். அந்த விரல்களில் மெஷின் ஊசி ஏறிய தழும்பு இருக்கிறது. வேறு மாதிரி:

உலகச் சண்டை நடக்கிற காலம். துணிக்குப் பஞ்சம். மாதர் சங்கம் ஏழைகளுக்கு ஒரு போர்வை தைக்கத் தீர்மானித்தது.

இது பரவாயில்லை. தீர்மானித்தது சங்கம், தைத்தது பவுலின் என்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். (பவுலின் என்பது கதைக்கு வைத்த பெயர். நிஜப் பெயரைப் போட்டால் எனக்குச் சோறு கிடைக்காது.)

2

பவுலினிடம் ஒரு கைமெஷின் இருந்தது. வலது கை சக்கரத்தைச் சுற்றும், இடது கை துணியைத் தள்ளும். அந்த மெஷினை நம்பித்தான் மிஷன் பள்ளிப் பிள்ளைகளின் யூனிபாரம் அவளுக்குத் தைக்க வந்தது. யூனிபாரத்தை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. அந்த வேலையைக் கொடுத்தவர் சங்கத் தலைவி பியாட்ரிஸ் அம்மா. ஹெட்கிளார்க்கின் மனைவி. குரலை உயர்த்தியே பேசமாட்டார், அவசியம் இருந்ததில்லை.

"ஞாயித்துக்கெழமை உன் மெஷின் சும்மாத்தானே கெடக்குது பவுலின்?" என்றார்.

ஓய்வுநாளில் மெஷினும் ஓயட்டும் என்று பாதிரியார் சொன்னதைப் பவுலின் ஞாபகப்படுத்தவில்லை. தலையை ஆட்டினாள்.

ஏரிக்கரை ஏழைகள் விடுதிக்கு டிசம்பர் குளிருக்காக ஒட்டுப்போர்வை. சங்கத்துப் பெண்கள் ஆளுக்கொரு பழந்துணித் துண்டில் தங்கள் பெயரை நூலால் பின்னிக் கொடுப்பார்கள். துண்டுகளை ஒட்டினால் மேல்துணி. நடுவில் பஞ்சு. அடியில் காடாத்துணி. மூன்றையும் சேர்த்துத் தையல் ஓட்ட வேண்டும்.

"சின்னச் சின்னதா நாலஞ்சு தைச்சா சுலபம்மா."

"சின்னதா? கர்னல் துரைசானி வராங்க. போட்டோ எடுக்கறாங்க. ஒண்ணா விரிச்சாத்தானே பார்வையா இருக்கும்?"

மற்றவர்கள் கைக்குட்டை அளவு கொடுத்தார்கள். பியாட்ரிஸ் அம்மா சரிகைப் பட்டில் சாப்பாட்டுத் தட்டளவு கொடுத்தார். "இது நட்ட நடுவுல" என்றார்.

3

அடுத்த வாரம் யூனிஸ் டீச்சர் வந்து குனிந்து பார்த்தார்.

"என்னா பவுலின், என் துண்டு ஓரத்துல இருக்குது? ஓரம்னா கால்மாட்டுக்குத்தானே போகும்? என் பேருமேல கால வெப்பாங்களா?"

"பிரிச்சா கிழிஞ்சிடும் டீச்சர்."

"பிரிக்க வேணாம்மா. எனக்கு வெளியே இன்னொரு வரிசை போடு. நான் தன்னால உள்ள போயிடுவேன்."

போட்டாள். அந்த வெளி வரிசைக்காரர்கள் ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் கேட்டார்கள்: "அவங்க உள்ள மகாராணி, நாங்க வேலியா?" அவர்களுக்கு வெளியே ஒரு வரிசை வந்தது. அதற்கு வெளியே இன்னொன்று. சங்கத்தில் ஆள் தீர்ந்ததும் நாத்தனார் பெயர், ஊரில் இருக்கும் ஓரகத்தி பெயர் என்று துண்டுகள் வந்தன. யாரும் ஓரத்தில் இருக்கக்கூடாது என்றால் போர்வை எங்கேதான் முடியும்? கடைசியில் பவுலின் யூனிபாரம் வெட்டிய மிச்ச நீலத்துணியை, பெயர் எதுவும் இல்லாமல், சுற்றிலும் வைத்து மூடினாள். அதற்கு மட்டும் வாயில்லை.

(இடையில் ஒரு சொல். நான் கதை எழுதுகிறேன் என்று தெருவில் தெரிந்துபோயிற்று. "என் பேரையும் போடுப்பா, முதல்லயே வர்ற மாதிரி" என்று ஆள் ஆளாய் வந்தார்கள். போட்டேன், கதை நடக்க முடியாமல் பெருத்துவிட்டது. எல்லோரையும் வெட்டிவிட்டேன். ரேஷன் கடைக் கஸ்தூரிரங்கனை மட்டும் இங்கே விட்டுவைக்கிறேன். சர்க்கரை அவரிடம்தான் வாங்க வேண்டும்.)

4

மேல்துணி ஒட்டுகிறவரை தொல்லையில்லை. மூன்றையும் சேர்த்துத் தைக்க உட்கார்ந்தபோதுதான் வினை.

மெஷினில் ஊசிக்கும் வலதுபக்கத் தூணுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான். போர்வையின் நடுவைத் தைக்க வேண்டுமென்றால், பாதிப் போர்வையைச் சுருட்டி அந்த இடைவெளிக்குள் விட வேண்டும். பவுலின் சுருட்டினாள். ஆள் உட்காரும் மெத்தைபோல் வந்தது. அழுத்தினாள், முழங்காலால் மிதித்தாள். நுழையவில்லை. பலவந்தமாய்த் தள்ளியபோது சக்கரம் ஒருமாதிரி முனகியது. சட்டென்று வெளியே இழுத்தாள்.

ஓரத்திலிருந்து தைத்துப் பார்த்தாள். நீலத்துணியில் தையல் அருமையாக ஓடியது. உள்ளே போகப்போக இறுகியது. எல்லோரும் அடித்துக்கொண்டு கேட்ட நடுவிடம் இருக்கிறதே, அந்த இடத்துக்குத்தான் மெஷின் போகவில்லை. தையல் விழாவிட்டால் அங்கே பஞ்சு நிற்காது. முதல் சலவையிலேயே உருண்டு மூலைக்குப் போய்விடும். பெயர் போடாத ஓரம் உறுதி. பியாட்ரிஸ் அம்மா இருக்கிற நடு, வெறும் பை.

இந்த இடத்தில் பவுலின் அழுததாக ஒரு பக்கம் எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டினேன்.

"யாருய்யா அழுதது?" என்றாள் என் பெண்டாட்டி. "நான் பாபின்ல நூல் சுத்திக்கிட்டு இருந்தேன்."

அடித்துவிட்டேன்.

5

பவுலின் ஏழைகள் விடுதிக்கு நடந்தாள். கட்டில் அளவு பார்க்கலாம் என்றுதான். இடுப்பு முறிந்து அங்கே கிடக்கும் ருக்கு, முன்பு பெரிய வீடுகளில் சமையல் செய்தவள், இவள் முழம் போடுவதைக் கவனித்தாள்.

"எதுக்கும்மா கட்டில அளக்கறே? எங்கள ஏலம் விடறாங்களா?"

"போர்வைக்கு அக்கா. சங்கத்துல குடுக்கறாங்க."

"எத்தன?"

"ஒண்ணு. பெருசு."

ருக்கு வரிசையாகக் கிடந்த ஒடுக்கமான கட்டில்களைப் பார்த்தாள். "அப்போ நாங்க எல்லாரும் ஒண்ணா உருண்டு படுக்கணுமா? இல்ல, கெடைக்கிறவ போத்திக்கிட்டு மீதிப்பேர் போட்டோவப் பாத்துக்கிட்டு இருக்கணுமா?" சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் நின்றது. அவள்மேல் கிடந்தது ஒரு கோணிச் சாக்கு.

பவுலின் திரும்பி வருகிற வழியெல்லாம் அந்தச் சாக்கைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள்.

நாலாக வெட்டினால் நாலும் மெஷினுக்குள் நுழையும். நாலு கட்டிலுக்கு அளவாக இருக்கும். ஆனால் வெட்டு, சரிகைப் பட்டின் குறுக்கேதான் போகும். அதை ஒதுக்கி வெட்டினால் ஒரு பக்கம் பெருத்து மறுபடி நுழையாது. பியாட்ரிஸ் அம்மா நாலு துண்டாவார். அடுத்த வருஷம் யூனிபாரம் வேறு வீட்டுக்குப் போகும்.

6

முடிவுக்கு வந்துவிட்டோம். என்னிடம் மூன்று இருக்கின்றன.

ஒன்று: தேவதூதன்— வேண்டாம். தேவதூதனுக்கும் ஒரு துண்டு ஒதுக்க வேண்டியிருக்கும்.

இரண்டு: நடுவில் தைக்காமலே கொடுத்துவிடுகிறாள். போட்டோவில் பஞ்சு தெரியாது. துரைசானி கை குலுக்குகிறார். ருக்கு இருமுகிறாள். யூனிபாரம் நிலைக்கிறது. மெய்யாகவே நடக்கக்கூடிய முடிவு இதுதான். இதை எழுத எனக்குக் கை வரவில்லை.

மூன்று: வெட்டித் தைத்து, மறுபடி ஒன்றாய் ஒட்டுவது. மெஷின் பிழைக்கும். பட்டின்மேல் சிலுவைபோல் தழும்பு. பெயர் போச்சு என்று பியாட்ரிஸ் அம்மாவுக்குக் கோபம் வரும், கட்டிலுக்கும் ஆகாது. இரண்டு பக்கமும் அடி வாங்குகிற முடிவு. படித்தவர்கள் இதை மெச்சக்கூடும்.

போட்டோ ஞாயிற்றுக்கிழமை. இன்று வியாழன். தொட்டியின்மேல் உட்கார்ந்து இதைப் பெண்டாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் கதவில் சாய்ந்தபடி கேட்டாள்.

"புருஷன்காரன் எங்கய்யா இந்தக் கதையில?"

"இடமில்ல, எடுத்துட்டேன்."

"நல்லாருக்குது. ஊரு பொம்பளைங்கள நாலா வெட்டறதா வேணாமான்னு அவ தனியா நிக்கறா. இவரு வெளிய உக்காந்து மூணு முடிவு எழுதறாரு."

உள்ளே போய்விட்டாள். மெஷின் சத்தம் இல்லை. பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. கத்தரியும் அதில்தான் இருக்கும், போர்வை கட்டுகிற கயிறும் அதில்தான் இருக்கும்.

"யோவ், உள்ள வா! இந்த நுனியப் புடிச்சி இழு. நல்லா வெறப்பா நிக்கணும்."

வாசிக்கிறவர்களே, இவ்வளவு பெரிய போர்வையை மடித்துக் கட்டவும் இரண்டு பேர் வேண்டும், வெட்டவும் இரண்டு பேர் வேண்டும். எதற்குக் கூப்பிடுகிறாள் என்று நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். நுனியைப் பிடிக்க எனக்கு இரண்டு கையும் தேவைப்படும். பென்சிலைக் கீழே—