வேகவைத்த கிளட்ச் பிளேட்

ஃப்ளைவீலைக் கழற்றிக் கீழே வைத்ததும் மெக்கானிக் அப்பாதுரை அதன் முகத்தில் கட்டைவிரல் நகத்தை ஓட்டினார். நகம் ஒரு பள்ளத்தில் மாட்டி நின்றது. சூட்டில் நீலம் பாரித்த வட்டங்கள், குறுக்கே மயிரிழை வெடிப்புகள். கிளட்ச் பிளேட்டில் ஃப்ளைவீலைப் பிடிக்கிற லைனிங் முழுக்கத் தேய்ந்து ரிவெட் தலைகள் வெளியே தெரிந்தன.

"மொதலியாரே, இது இத்தினி நாள் ஓடிக்கினு இருந்ததே அதிசயம். மைலு எவ்ளோ?"

"ஒரு லட்சத்துப் பன்னெண்டாயிரம்," என்றார் உமாபதி.

"மீட்டரு நின்னுபோன அப்புறம் ஓடினத சேத்தா, சேக்காமலா?"

உமாபதி குனிந்து கிளட்ச் பிளேட்டைக் கையில் எடுத்தார். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஆறு பட்டுத் தறி வைத்திருக்கும் குடும்பத்தின் இளைய மகன் அவர். வண்டி ஃபியட் பதினொரு நூறு. மெட்ராஸில் பந்தயம் ஓட்டிய ஒருவரிடமிருந்து வாங்கியது. இரண்டு கார்புரேட்டர், தாழ்த்திய ஸ்பிரிங். அது தெருவில் நுழைந்தால் தறிச் சத்தம் கேட்காது.

அந்த வண்டியோடு இரண்டு வருடம் சோழவரம் பந்தயத்துக்குப் போனார். இரண்டு தடவையும் கொடி இறங்கியபோது என்ஜின் அலறியது, கிளட்ச் வழுக்கி வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. 'காஞ்சிபுரம் வண்டி இன்னும் சாமி கும்பிட்டு முடிக்கல' என்று கூட்டத்தில் எவனோ கத்தினான். இந்த 1971 பந்தயத்திலும் அப்படியே நின்றால் திங்கட்கிழமை வண்டியை விற்றுவிடுவதாக அண்ணன் கைலாசம் சொல்லிவிட்டார். சனிக்கிழமை மூன்று மணிக்குள் சோழவரத்தில் வண்டியைச் சோதனைக்குக் காட்ட வேண்டும். அன்று புதன்கிழமை.

நான் இளங்கோவன். பாலிடெக்னிக்கை இரண்டாவது வருடத்தோடு விட்டவன். ராத்திரியில் பாலாற்றுக் குடிநீர் பம்ப் ஹவுஸில் வேலை. பகலில் தூக்கம் வராது, அதனால் அப்பாதுரையின் ஷெட்டுக்கு வந்துவிடுவேன். அவர் என்னைக் கூப்பிடுவது 'காலேஜு'. எதற்கும் சுலபத்தில் பரபரக்கிறவன் இல்லை நான். அந்த வாரம் மட்டும் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை மெட்ராஸ் புதுப்பேட்டைக்கு ஓடி, உடைத்துப் போட்ட வண்டி ஒன்றிலிருந்து நல்ல ஃப்ளைவீல் கொண்டுவந்தோம். புது கிளட்ச் பிளேட் ஒன்றுதான் கிடைத்தது. பம்ப்செட் ரிப்பேர் செய்யும் கலியன் தன் லேத்தில் ஃப்ளைவீலின் முகத்தைச் சீவிக் கொடுத்தான். பின்பக்கத்தில் இரண்டு கிலோ இரும்பையும் கடைந்து எடுத்தான். எடை குறைந்தால் என்ஜின் சட்டென்று எழும். பிளேட்டை நடுவில் நிறுத்திப் பூட்ட ஒரு கம்பு வேண்டும். அதைத் தறிச் சாமான் கடைகிறவரிடம் மரத்தில் கடைந்து வாங்கினோம். தறிக்கு அளவெடுத்துப் பழகிய கை. நூல் பிசகவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் பூட்டும்போது துடைக்கிற காட்டன் வேஸ்ட் தீர்ந்துவிட்டது. எங்கள் ஊரில் அதற்காக யாரும் கடைக்குப் போவதில்லை. எந்த வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாலும் ஒரு கூடை பட்டு வேஸ்ட் கிடக்கும். சைக்கிளை அதில்தான் துடைப்போம், கையையும் அதில்தான். மூன்று வீடு தள்ளி உமாபதி வீடு. ஒரு பிடி அள்ளி வந்தேன். ஃப்ளைவீலையும் பிளேட்டின் இரண்டு பக்கத்தையும் பளபளவென்று துடைத்தேன்.

கியர் பாக்ஸை ஏற்றி முடித்ததும் அப்பாதுரை சோதனை செய்தார். கைபிரேக்கை இழுத்து, டாப் கியர் போட்டு, கிளட்சை விட வேண்டும். கிளட்ச் பிடித்தால் என்ஜின் திணறி நிற்கும். நின்றது.

"ஏறுங்கடா!" என்றார் உமாபதி.

செவிலிமேடு ரோட்டில் முதல் இரண்டு மைல் பறந்தோம். கியர் மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் முதுகு சீட்டில் போய் மோதியது. எனக்குச் சத்தம் போட்டுச் சிரிக்கத் தோன்றியது, சிரித்தும் விட்டேன். ஒரு டவுன் பஸ்ஸை முந்தும்போது வேகம் அறுபது மைலைத் தொட்டிருக்கும். அப்போது என்ஜின் சத்தம் தனியாக மேலே போனது. வண்டி போகவில்லை. பஸ் எங்களைத் தாண்டிப் போனது, கண்டக்டர் டாட்டா காட்டினான்.

உமாபதி ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். "நாளைக்கு மூணு மணி," என்றார், அவ்வளவுதான்.

உருட்டிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தபோது வண்டி நாறியது. கிளட்ச் தீய்ந்தால் வருகிற வாடை எனக்குத் தெரியும். இது அது இல்லை. எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு உமாபதியின் தங்கை வள்ளி வந்தாள். வீட்டில் நூல் முறுக்குவது, வேகவைப்பது எல்லாம் அவள் பொறுப்பு. வந்தவள் மூக்கைச் சுளித்தாள்.

"இன்னாபா, வண்டிக்குள்ள பட்டு கொளுத்தினீங்களா?"

"பட்டா?" என்றார் அப்பாதுரை.

"முடி பொசுங்கற நாத்தம் அடிக்குது. இழை நெஜப் பட்டான்னு கொளுத்திப் பாப்போமே, அதே நாத்தம்."

"நான்தான்," என்றேன். "உங்க வீட்டு வேஸ்ட்டுல தொடச்சேன்."

"எந்தக் கூடை?"

"வாசப்படிகிட்ட."

"அது வேக வெக்காத நூலுபா! முறுக்கறதுக்கு முன்னாடி எண்ணெயும் சோப்பும் போட்டு ஊற வெச்சது. அதுல பசை வேற இருக்கும். சோடா போட்டுக் கொதிக்க வெச்சாத்தான் எல்லாம் போகும்."

குளிர்ந்திருந்தவரை கிளட்ச் பிடித்தது, சூடானதும் அந்த எண்ணெயும் பசையும் இளகி வழுக்கிவிட்டது. அப்பாதுரை ஸ்பானரை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு வருசம் படிச்சதுக்கே இப்டி. முழுசா படிச்சிருந்தா ஊரையே கொளுத்தியிருப்ப. ஜாக்கி போடு."

மூன்றே மணி நேரத்தில் கியர் பாக்ஸ் மறுபடி தரையில் இருந்தது. ஃப்ளைவீலைப் பெட்ரோலில் கழுவி எமரித் தாள் போட்டுத் தேய்த்தாயிற்று. பிளேட்டுக்கு அது போதவில்லை. லைனிங்குக்குள் எண்ணெய் இறங்கியிருந்தது. வேறு பிளேட்டுக்கு மெட்ராஸ் போனாலும் அந்த நேரத்துக்குக் கடை திறந்திருக்காது. வள்ளி பிளேட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"நூலும் பித்தளைக் கம்பியும் வெச்சு நெய்ஞ்சிருக்காங்க. ஜரிகை போட்டாப்ல. இத வேக வெச்சா இன்னா?"

அப்பாதுரை சிரிக்க ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தினார். "நூலுக்குள்ள எறங்கினது வெந்தா வெளிய வரும். வெந்தா இது கெட்டுப் போகாது. ஏன் கூடாது? அண்டா இருக்குதா?"

"நல்ல அண்டாவுல கல்யாணப் பட்டு வேகுது. அதுல இரும்பக் காட்டினா பொண்ணோட அம்மா வந்து என்ன வேக வெப்பா. பழசு ஒண்ணு கெடக்குது, தரேன்."

சோப்பும் சலவைச் சோடாவும் கொதிக்கிற தண்ணீரில் கிளட்ச் பிளேட்டை இறக்கினாள். நூல் கழியால் புரட்டிப் புரட்டி எடுத்தாள். மஞ்சளாக நுரை கிளம்பியது. தண்ணீரைக் கொட்டி மறுபடி வைத்தாள், மறுபடியும் வைத்தாள். நான்காவது தண்ணீர் தெளிவாக இருந்தது. அடுப்பு மேட்டில் காயட்டும் என்று விட்டுவிட்டு நான் டியூட்டிக்குப் போனேன்.

காலை ஆறு மணிக்குப் பம்ப் ஹவுஸிலிருந்து சைக்கிளை மிதித்த மிதியில் செயின் இரண்டு தடவை கழன்றது. ஷெட்டில் எல்லோரும் எனக்கு முன்பே இருந்தார்கள். சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டுத்தான் பிளேட்டைத் தொடவிட்டார் அப்பாதுரை. பத்தே காலுக்குப் பூட்டி முடித்தோம்.

"குளிர்ல புடிக்கிறது கணக்கில்ல," என்றார். "போய் நல்லா சூடு ஏத்திக்கினு வாங்க."

செவிலிமேடு வரை போய் வந்தோம். வழியில் இருபது தடவை நிறுத்தி, இருபது தடவை சீறவிட்டோம். ஷெட்டு வாசலில் உமாபதி கைபிரேக்கை இழுத்தார். டாப் கியர். கிளட்சை விட்டார்.

வண்டி ஒரு குலுங்கு குலுங்கி என்ஜின் அப்படியே நின்றுபோனது.

"செத்துச்சுடா!" என்று அப்பாதுரை குதித்தார். ஓடவேண்டிய வண்டி நின்றதற்கு இப்படி ஆடிய ஆட்களை அந்தத் தெரு பார்த்திருக்காது.

சோழவரத்தில் சோதனை மேஜைக்கு எதிரே நின்றபோது மணி இரண்டே முக்கால்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு வண்டிகள், பத்துச் சுற்று. உமாபதி கடைசி வரிசை. நாங்கள் கம்பி வேலியோரம் நின்றோம். கைலாசமும் வந்திருந்தார், வெள்ளை வேட்டியில், கையைக் கட்டிக்கொண்டு. "இந்த வாட்டியும் பொகைதான்," என்று எங்களைப் பார்க்காமல் சொன்னார்.

கொடி இறங்கியது.

ஃபியட் நிற்கவில்லை. பின் டயர்கள் கீச்சிட, முன்னால் இருந்த இரண்டு வண்டிகளுக்கு நடுவில் புகுந்து, முதல் வளைவுக்கு முன்பே ஐந்தாவதாகப் போய்க்கொண்டிருந்தது. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. அப்பாதுரை என் முதுகில் குத்திக்கொண்டே இருந்தார். திரும்பிப் பார்த்தால் கைலாசம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலி மேல் பாதி ஏறியிருந்தார்.

"வுடாதடா தம்பி! அந்த செகப்பு வண்டியப் புடிடா!"

பிறகு எங்கள் பக்கம் குனிந்தார். "இன்னாப்பா என்னப் பாத்துக்கினு நிக்கிறீங்க? இன்னும் ஒம்போது சுத்து இருக்குது. ஏறுங்க மேல!"