கடைசியில் ஊற்றிய எண்ணெய்

1

இந்தக் கதை என் ஸ்கூட்டரில் தொடங்கியது. என்ஜின் எண்ணெய் மாற்றும் நாள் வந்துவிட்டது. எதை ஊற்றுவது என்று தெரியவில்லை. கடைக்காரர் ஒன்றைச் சொன்னார், பக்கத்து வீட்டுக்காரர் வேறொன்றைச் சொன்னார். நம் காலத்து மனிதர்கள் செய்வதை நானும் செய்தேன். கைப்பேசியைத் திறந்தேன். யாரோ ஒருவர் தன் வீட்டு வாசலில் ஒரு மோட்டாரை வைத்துக்கொண்டு எண்ணெய்களை ஒன்றோடொன்று மோதவிட்டுக்கொண்டிருந்தார். ஒன்று பார்த்தேன், இன்னொன்று பார்த்தேன், தட்டில் சோறு ஆறிப்போகும்வரை பார்த்தேன். ஒருவர் வீட்டில் ஜெயித்த எண்ணெய் இன்னொருவர் வீட்டில் மண்ணைக் கவ்வியது. இரண்டு பேருமே சத்தியம் செய்தார்கள்.

ஸ்கூட்டரில் இன்னும் பழைய எண்ணெய்தான் இருக்கிறது. முடிவெடுக்க முடியாதவன் கதை எழுத உட்கார்ந்துவிட்டான்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பெங்களூரு விவேக் நகரில் கில்பர்ட் என்றொரு விஞ்ஞானி..."

(அடித்துவிட்டேன். அவன் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கிறவன்.)

பிறகு: "கில்பர்ட் ஊரை ஏமாற்றினான், அவன் மனைவி அதை ஒருநாள்..."

(இதையும் அடித்தேன். கில்பர்ட் மேல் எனக்கு ஆரம்பத்தில் சந்தேகம்தான். ஆனால் எழுத எழுத அவன் ஒரு பொய்கூடச் சொல்ல மறுத்தான். நான்கு பக்கம் வற்புறுத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.)

மூன்றாவதாக: "ஐரின் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்."

இதில் நின்றுவிட்டேன். கில்பர்ட்டின் எல்லா வீடியோவையும் எடுப்பவள் அவள்தான், அவன் மனைவி. அவள் முகத்தையும் யாரும் பார்த்ததில்லை, குரலையும் கேட்டதில்லை. பார்க்கிறவர்கள் எல்லாரும் அவள் கண்ணால்தான் பார்க்கிறார்கள். இனி நாமும் அவள் பக்கமே நிற்போம்.

3

விவேக் நகரில், குழந்தை இயேசு கோயிலுக்குப் பின்தெருவில், மூன்றாவது மாடி பால்கனி. துணி காயும் கொடிக்குக் கீழே அந்த இயந்திரம். பழைய வாஷிங் மெஷினின் மோட்டாரைக் கழற்றி கில்பர்ட்டே செய்தது. மோட்டார் ஓர் எஃகு வளையத்தைச் சுழற்றும். வளையத்தின் அடிப்பாகம் சின்னக் கிண்ணத்தில் இருக்கும் எண்ணெயில் நனைந்துகொண்டே இருக்கும். ஒரு நீளக் கம்பியின் நுனியில் பொருத்திய இரும்பு உருளை அந்த வளையத்தை அழுத்தும். கம்பியின் மறுமுனையில் கில்பர்ட் ஒவ்வொன்றாக எடையைத் தொங்கவிடுவான். எண்ணெய் தாங்கினால் வளையம் சத்தமில்லாமல் ஓடும். தாங்காவிட்டால் இரும்பும் இரும்பும் உரசி அலறும், மோட்டார் திணறி நிற்கும். பிறகு உருளையைத் துடைத்து, அதில் விழுந்த காயத்தைக் காமெராவுக்குக் காட்டுவான். சின்னக் காயம், நல்ல எண்ணெய்.

முதல் தடவை லென்ஸைக் கிட்டத்தில் கொண்டுபோனபோது ஐரினுக்கு மூச்சே நின்றுவிட்டது. அவ்வளவு எடை அழுத்துகிறது. நடுவில் இருப்பதோ தலைமுடியைவிட மெல்லிய ஒரு படலம். அது வெயிலில் நீலமும் ஊதாவுமாக நெளிந்தபடி இரண்டு இரும்பையும் முட்டிக்கொள்ள விடாமல் விலக்கி வைத்திருந்தது.

"இதுவா தாங்குது? இவ்ளோண்டா?" என்று கேட்டாள்.

"இதுதான் தாங்குது," என்றான் கில்பர்ட், ஏதோ தானே பெற்றெடுத்ததுபோல.

(நான் இதை எழுதும் இந்த நிமிடம் ஓசூர் ரோட்டில் ஊர்ந்துகொண்டிருக்கும் அத்தனை வண்டிகளுக்குள்ளும் அந்தப் படலம் நின்றுகொண்டிருக்கிறது. நினைத்தால் எனக்குப் புல்லரிக்கிறது. கதைக்கு இது தேவையா என்று கேட்காதீர்கள். புல்லரித்தது, சொன்னேன்.)

4

எண்ணெய்களுக்குக் கம்பெனிப் பெயர் சொல்லமாட்டேன். நீலக் கேன், சிவப்புக் கேன், மஞ்சள் கேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் கேன் கில்பர்ட்டின் பழைய காரில் ஊற்றுவது. வீட்டு எண்ணெய்.

ஐரின் வீட்டில் சாப்பாட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. வந்தவர்கள் முதலில் சாப்பிட வேண்டும், வீட்டு ஆட்கள் கடைசியில். பந்தி முடிந்து பிரியாணி சட்டியின் அடியில் மிஞ்சியதுதான் அவளுக்கும் கில்பர்ட்டுக்கும். இதே மரியாதையை எண்ணெய்க்கும் கொடுத்தாள். "வந்தவங்கள முதல்ல ஊத்துங்க. நம்மளுத கடைசில பாத்துக்கலாம். நம்ம எண்ணெய முதல்ல விட்டா, ஏதோ நமக்கு வேண்டப்பட்டவங்கன்னு நினைப்பாங்க." நியாயமாகத்தான் பட்டது. ஒவ்வொரு வீடியோவிலும் நீலம், சிவப்பு, கடைசியில் மஞ்சள். ஒவ்வொரு வீடியோவிலும் மஞ்சள் ஜெயித்தது.

ஊர் பேர் தெரியாத ஆயிரக்கணக்கான பேர் பார்த்தார்கள். 'அண்ணா, உங்களை நம்பி ஊத்தினேன், வண்டி வெண்ணெய் மாதிரி ஓடுது' என்று எழுதினார்கள். கில்பர்ட் அவற்றை ஐரினுக்கு உரக்கப் படித்துக் காட்டுவான். காசு கொடுத்து விளம்பரம் செய்கிறவனை நம்பாத மனிதர்கள், பால்கனியில் பனியனோடு நிற்கிற ஒருவனை நம்பினார்கள். எனக்கு அதில் கேலி இல்லை. வியப்புதான்.

5

இங்கேதான் கதை சறுக்கியது. ஒரு சனிக்கிழமை காலை, கில்பர்ட் வெளியே போயிருந்தான். புது வீடியோவில் மஞ்சள் எண்ணெய் ஓடும் காட்சி மட்டும் மங்கலாகப் பதிவாகியிருப்பதை ஐரின் கவனித்தாள். அவன் வருவதற்குள் அந்தத் துண்டை மட்டும் மறுபடி எடுத்துவிடலாம் என்று நினைத்தாள். ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு புது வளையம் என்பதால் கில்பர்ட் முந்தின நாள்தான் அடுத்ததை மாட்டியிருந்தான். விருந்தாளி எண்ணெய்களை ஓட்டவேண்டிய தேவை இல்லாததால் மஞ்சளை நேராகக் கிண்ணத்தில் ஊற்றி, சுவிட்சைப் போட்டு, எடையைத் தொங்கவிட்டாள்.

இயந்திரம் அலறியது. கீழ்வீட்டு நாய் குரைத்தது. உருளையைக் கழற்றிப் பார்த்தாள்: புளியங்கொட்டை அளவுக்குக் காயம்.

தான்தான் எதையோ தப்பாக மாட்டியிருக்கிறோம் என்று நினைத்தாள். கிண்ணத்தைத் துடைத்து, உருளையைத் திருப்பி வைத்து, நீலத்தை ஊற்றினாள். கொஞ்சம் முனகியது. சிவப்பை ஊற்றினாள். எப்போதும் தோற்கும் சிவப்பு, கடைசியாக வந்து, சத்தமே இல்லாமல் ஓடியது. காயம் அரிசிமணி அளவு.

அவளுக்குப் புரிய நேரமாயிற்று. முதலில் வருகிற எண்ணெய் முரட்டு வளையத்தோடு மல்லுக்கட்டி அதை வழவழப்பாக்குகிறது, தன்னிலிருந்து எதையோ அதன்மேல் பூசிவிட்டுப் போகிறது. கடைசியில் வருகிறவனுக்குப் பாய் விரித்தாகிவிட்டது. இத்தனை நாளும் ஜெயித்தது மஞ்சள் இல்லை. அவள் வீட்டுப் பந்தி வழக்கம்.

அப்புறம், ஏன் என்று அவளுக்கே தெரியாது, குளியலறைக்குப் போய் ஷாம்பூவைக் கொண்டுவந்து கிண்ணத்தில் ஊற்றினாள். எடை மேல் எடையாகத் தொங்கவிட்டாள். ஷாம்பூ அசையவில்லை. மூன்று எண்ணெயையும் தோற்கடித்துவிட்டு நுரைத்துக்கொண்டு ஓடியது.

ஐரின் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு நின்றபோது பயம் வந்தது. ஷாம்பூவை என்ஜினில் ஊற்ற முடியாது என்று குழந்தைக்கும் தெரியும். என்ஜினுக்குள் எண்ணெய் கொதிப்பைத் தாங்க வேண்டும், கரியைச் சுமக்க வேண்டும், விடியற்காலைக் குளிரில் எழுந்து ஓட வேண்டும், மாதக்கணக்கில் கெடாமல் இருக்க வேண்டும். இந்த இயந்திரம் அதில் எதையுமே கேட்கவில்லை. வேறு ஏதோ கேள்வி கேட்டது. அதற்கு உண்மையான பதில்தான் கிடைத்தது.*

* இந்த வரியை எழுதிவிட்டு ஸ்கூட்டரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பழைய எண்ணெயோடு அப்படியே நின்றது.

6

கில்பர்ட் வந்ததும் ஐரின் சொல்லிவிடுவாள் என்றுதான் திட்டம். "என்னங்க, ஒரு நிமிஷம் இங்க வாங்க, அந்த வளையம்..." என்று ஆரம்பித்தும்விட்டாள். ஆனால் அவன் தனியாக வரவில்லை. கூடவே ஒருவர், கையில் ஒரு மூட்டை கேரட், இன்னொரு கையில் மஞ்சள் கேன்.

"ஐரின், இவர் வெங்கி. ஓசூர் பார்டர், அத்திபெலேலருந்து நம்மள தேடிக்கிட்டு வந்திருக்காரு!" கில்பர்ட்டின் முகம் அப்படி மலர்ந்து அவள் பார்த்ததில்லை.

"நமஸ்காரக்கா," என்றார் வெங்கி. "நம்மது சின்ன வேன். ஓசூர்லருந்து காய்கறி ஏத்திக்கினு சிட்டி மார்க்கெட்டுக்கு ஓட்டறேன். என்ஜின் இறுகி சீஸ் ஆயிப்போச்சு. பிரிச்சு, பிஸ்டன் எல்லாம் புதுசா மாட்டியாச்சு. இன்னொரு தடவ போச்சுன்னா வண்டிய வித்துட்டு எவன்கிட்டயாவது டிரைவரா போகவேண்டியதுதான். அதான் இந்த தடவ சார் சொன்ன எண்ணெயே வாங்கிட்டேன்."

"ஊத்திட்டீங்களா?"

"அய்யோ, இல்லக்கா. ஓட்டிப் பாக்க ஊத்தின எண்ணெய உங்க தெருமுனை ஒர்க் ஷாப்ல வடிச்சிட்டேன், வண்டி அங்கதான் நிக்குது. சார் கையால ஊத்தணும்னுதான் இவ்ளோ தூரம் வந்தது. அவருக்கு கைராசி."

ஐரின் மெதுவாகக் கேட்டாள்: "வேன் கம்பெனிக்காரங்க எதை ஊத்தச் சொல்லியிருக்காங்க?"

"அவங்க பேர் போட்ட எண்ணெயத்தான் சொல்லுவாங்க. விக்கிறவன் பேச்ச எப்படிக்கா நம்பறது? சார் சும்னே ஆராய்ச்சி பண்ணி சொல்றாரு, ஒரு பைசா வாங்காம."

அதற்குள் கில்பர்ட் படியிறங்கிவிட்டான். ஐரினும் கைப்பேசியோடு பின்னால் போனாள்.

7

ஒர்க் ஷாப்பில் வேனின் இருக்கையைத் தூக்கி வைத்திருந்தார்கள். கீழே என்ஜின், மூடி கழற்றி, வாயைத் திறந்தபடி. "ஐரின், எடுத்துக்கோ, வீடியோ போட்டுடலாம்," என்றான் கில்பர்ட். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "நானும் உங்க சேனல்தான் சார் பாக்கறேன்," என்றார். அந்த இடத்தில் எண்ணெய் பற்றித் தெரிந்திருக்க வேண்டியவர் அவர் ஒருவர்தான்.

கில்பர்ட் கேனைத் திறந்தான். சிலுவை போட்டுக்கொண்டான். வெங்கி செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றார். திரையில் ஐரினுக்கு மூன்றும் தெரிந்தன: கூப்பிய கை, சாயும் கேன், கறுத்த துளை. நகரத்தின் எல்லையில் வாழும் ஒரு மனிதர், தன் வாழ்க்கை மொத்தத்தையும் கொண்டுவந்து அவள் கணவன் கைக்கடியில் வைத்திருக்கிறார். எதற்காக? அவள் பிடித்த கைப்பேசி ஆடாமல் இருந்ததற்காக.

"நில்லுங்க," என்றாள்.

அந்தச் சேனலில் அவள் குரல் பதிவானது அதுதான் முதல் தடவை. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். புது வளையம், அலறல், சிவப்பு, ஷாம்பூ. "கடைசில ஊத்தறதுதான் ஜெயிக்குதுங்க. நான்தான் நம்மளுத கடைசில வைக்கச் சொன்னேன்."

கில்பர்ட் கோபப்படுவான் என்று எழுத நினைத்திருந்தேன். அவன் படவில்லை. கேனை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, தூரத்தில் எதையோ கேட்பதுபோல நின்றான். "ஷாம்பூவா?" என்றான். "மூணையுமா?"

"மூணையும்."

அவன் முகத்தில் வந்தது வெட்கமா, முதல் தடவை அந்தப் படலத்தைப் பார்த்த அதே ஆச்சரியமா என்று ஐரினுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"அப்ப எந்த எண்ணெய் சார் நல்லது?" என்று கேட்டார் வெங்கி.

கில்பர்ட் அவரைப் பார்த்தான். "எனக்குத் தெரியல," என்றான். அத்தனை வீடியோவில் ஒன்றில்கூட அவன் சொல்லாத வார்த்தை.

வெங்கி தரையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "என் வண்டிய எத்தன பேர் பாத்திருக்காங்க. ஒருத்தன்கூட தெரியலன்னு சொன்னதில்ல சார். இதுதான் எனக்கு வேணும். நீங்களே ஊத்துங்க."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் நம்பிக்கை போய்விடும், கதை முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். உண்மையைச் சொன்னதால் நம்பிக்கை கூடிவிட்டது. இப்போது என்ன செய்வது?

8

முதல் முடிவு. கில்பர்ட் ஊற்றுகிறான். எண்ணெய் தேன்போல் கயிறாக இறங்குகிறது. வெங்கி சாவியைத் திருப்புகிறார். என்ஜின் ஒரு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொள்கிறது.

இரண்டாவது முடிவு. கில்பர்ட் கேனை மூடித் திருப்பிக் கொடுத்துவிடுகிறான். "வேண்டாம் வெங்கி, என் கையில பாவம் வேண்டாம்." வெங்கி அங்கேயே மெக்கானிக்கின் பலகையில் உட்கார்ந்து, கைப்பேசியில் வேறொருவர் வீடியோவைத் தேட ஆரம்பிக்கிறார்.

மூன்றாவது முடிவு. ஐரின் வீடியோவை நிறுத்திவிட்டுச் சொல்கிறாள்: "முதல்ல மேல வாங்க, சாப்பிடலாம். அப்புறம் அந்த வேன் கம்பெனிக்கும் போன் போட்டு, இன்னும் நாலு பேரையும் கேட்டுட்டு ஊத்துவோம்." மேலே பாய் விரித்து மூன்று தட்டையும் ஒரே நேரத்தில் வைக்கிறாள். அந்த வீட்டில் விருந்தாளியும் வீட்டு ஆட்களும் சேர்ந்து உட்கார்ந்தது அன்றுதான். கேரட் பொரியல். மூடிய கேன் கதவோரம் நிற்கிறது.

9

மூன்றாவது உங்களுக்குப் பிடித்திருக்கும். எனக்கும் அதுதான் பிடித்தது. அதனால்தான் அதைக் கடைசியில் வைத்தேன்.

ஐரின் செய்ததையே நானும் செய்திருக்கிறேன். முதல் இரண்டும் உங்களை உரசி வழவழப்பாக்கிவிட்டுப் போயின. என் வீட்டு முடிவு வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கியது. இத்தனை நாளும் நீங்கள் படித்த எத்தனை கதை இப்படி ஜெயித்ததோ.

ஆகவே ஒரு வேண்டுகோள். எட்டாவது பகுதியைக் கீழிருந்து மேலாக ஒரு தடவை படியுங்கள். மூன்று, இரண்டு, ஒன்று. அப்போதும் எது தாங்குகிறதோ அதுதான் உங்கள் கதை, நான் தலையிடமாட்டேன். அப்படிப் படித்தால் கடைசியாக உங்கள் காதில் விழுவது வெங்கியின் வண்டி கிளம்பும் சத்தம். அது தெருவைக் கடந்து, கோயிலைக் கடந்து, ஓசூர் ரோட்டில் ஏறுகிறது. உள்ளே அந்த மெல்லிய படலம் நின்றுகொண்டிருக்கிறது.

எவ்வளவு தூரம் நிற்கும் என்று கேட்கிறீர்கள்.

எனக்குத் தெரியவில்லை.