மூன்றாவது சட்டி

செகெட் நகரில் மார்கித் வீட்டுக் கடிகாரத்தின் டிக்டிக் ஒரு திங்கட்கிழமை வெளியேறி, மாடிப்படி ஏறி, வில்மாவின் வீட்டில் குடிபுகுந்தது. முள் வழக்கம்போல் ஓடியது. சத்தம் மட்டும் மேல்வீட்டில். டிராம் வளைவில் திரும்பும் கிறீச்சும் மீன்குழம்புக் கொதிப்பும் முன்பே அங்கு வந்திருந்தன. கேட்பாரற்ற ஓசைகள் கேட்கும் காதைத் தேடிப் போவதில் தப்பென்ன?

வில்மா இசையை விட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன. இசைப்பள்ளியில் பார்னபாஷிடம் படித்தபோது நான்கு எனாமல் சட்டிகளைத் தட்டித் தன் முதல் படைப்பை அரங்கேற்றினாள். மூன்றாவது சட்டியைத் தட்டியதும் அவர் கண்ணை மூடியபடி, "ஹல்கஷ்" என்றார். நம் மொழியில் காதால் கேட்பதற்கும் கேள்வி கேட்பதற்கும் 'கேள்' என்று ஒரே சொல். அந்த ஊர் மொழியிலோ காதைத் திறப்பதற்கும் வாயை மூடுவதற்கும் 'ஹல்கஷ்' ஒன்றுதான். வில்மா ரோஷக்காரி. வாயை மூடு என்றே எடுத்துக்கொண்டு, கோட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். மிளகாய்த்தூள் கடையில் வேலை பார்த்தாள், சட்டிகளில் வெள்ளரிக்காய் ஊறுகாய் போட்டாள். மனசு என்னவோ ஆறவே இல்லை. எது ஒலித்தாலும் அவள் காது தானாக அங்கே போய்விடும்.

"ஏண்டி வில்மா, எங்க டிக்டிக்கக் குடுத்துடு. அது இல்லாம என் வீட்டுக்காரருக்குத் தூக்கமே வரல" என்று மார்கித் வந்து சண்டை போட்டாள். எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று வில்மாவுக்குத் தெரியவில்லை.

அந்த வசந்தத்தில் பார்னபாஷின் காலடிச் சத்தமும் காணாமல் போயிற்று. பூனைபோல் நடந்து ஊரையெல்லாம் திடுக்கிடவைத்தவர், தேடித்தேடி வில்மாவின் வாசலுக்கு வந்தார். உள்ளே அவருடைய காலடி டிக்டிக்கோடு சேர்ந்து தாளம் போட, டிராம் கிறீச்சிட, குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

"யாரு அமைச்சது இத?"

"யாருமில்ல சார். என்னத்தான் நீங்க வாய மூடச் சொல்லிட்டீங்களே."

"அடிப் பாவி! மூணாவது சட்டிச் சத்தம் அடங்கற வரைக்கும் காதக் குடுத்துக் கேளுன்னேன். அதுக்குள்ள கோட்ட மாட்டிட்டுக் கிளம்பிட்ட. சந்தேகம்னா என்னக் கேட்டிருக்கலாம்ல!"

வில்மா அழுதாள், பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். ஊறுகாயை மாற்றி வைத்து, மூன்றாவது சட்டியைக் கழுவித் தட்டினாள். காலையில் தட்டியது அடங்க மாலையாயிற்று. இருவரும் அசையாமல் கேட்டார்கள்.

அதன்பின் ஓசைகள் திருப்தியாகப் படியிறங்கி தத்தம் இடம் திரும்பின. இரண்டுமட்டும் இடம் மாறிவிட்டன. மார்கித் வீட்டுக் கடிகாரம் இப்போது காலடிச் சத்தத்தோடு நடக்கிறது. அவள் வீட்டுக்காரர் குறட்டை விட்டுத் தூங்குகிறார். பார்னபாஷ் தெருவில் டிக்டிக் என்று போனால் ஊரே கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொள்கிறது. வில்மா கச்சேரி வைத்தால், அந்த டிக்டிக் படியேறி வந்து முன்வரிசையில் உட்கார்ந்த பிறகுதான் முதல் சட்டியைத் தட்டுவாள்.