கண்ணாடிக்கு மேலே ஒரு சுலோகம்

1

இந்தக் கதை என்னால் வந்த வினை. நான் முடி வெட்டிக்கொள்ளும் கடையில் தினமும் அரசியல் சண்டை. "சார், நீங்க வாயே திறக்காம படிச்சுக்கிட்டே இருக்கிறவரு. இவங்க வாயை அடைக்க ஏதாவது எழுதிக் குடுங்க" என்றார் கடைக்காரர். மூடர்களைப் பற்றிய பழைய வடமொழிச் சுலோகம் ஒன்றைத் தமிழாக்கிக் கொடுத்தேன்: 'மூடனோடு வாதாடாதே. அவன் களைக்க மாட்டான்.'

அதைக் கொண்டுபோய்க் கண்ணாடியின் உச்சியில் ஒட்டிவிட்டார்.

2

(முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: 'அறியாமை என்பது மனித குலத்தின் ஆதி...' வேண்டாம். எனக்கே கொட்டாவி வந்தது.)

நாற்காலியில் உட்கார்ந்தவர் நிமிர்ந்தால் மேலே 'மூடன்'. நேர் கீழே அவருடைய முகம். வங்கி மேலாளர் ஒருவர் பாதி வெட்டிய தலையோடு எழுந்துவிட்டார்.

"உன்கிட்ட தலையைக் குடுத்தேன் பாரு, நீ எழுதி வெச்சது சரிதான்யா!"

3

ஒரு சந்தேகம். கடைக்காரரை நான் மூடனாக்குகிறேனோ? கண்ணாடியில் அவர் முகமும்தான் தெரிகிறது, வாடிக்கையாளரின் தோளுக்கு மேலே. ஆனால் அவர் கண் பிடரியை விட்டு நகராது. அப்படிப்பட்ட மனிதரை எப்படி...

இரண்டாவது நாற்காலியில் வெட்டும் அவருடைய மைத்துனர் நேற்று கத்தரிக்கோலைத் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

"மச்சான், நாளைக்குள்ள அதைக் கிழிங்க. இல்லன்னா நான் எதிர்க்கடைக்குப் போயிடுவேன்."

"ஞானம்டா அது!"

"ஞானம் வந்ததுலேருந்து வேற யாருமே வரலையே!"

4

இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்று: தாள் கிழிகிறது, கடை நிறைகிறது, சண்டையும் திரும்புகிறது. மற்றது: மைத்துனர் போய்விடுகிறார், கடைக்காரர் தனியாக, காலி நாற்காலியைச் சுழற்றி... இல்லை, இதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

நேரில் பார்த்து எழுதலாமென்று இன்று போனேன். நான் ஒருவன்தான் வாடிக்கையாளர். முகமெல்லாம் நுரை. மைத்துனர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். கடைக்காரர் என் தாடையை உயர்த்திக் கழுத்தில் கத்தியை வைத்தார்.

"எழுதினவரே சொல்லட்டும்டா. சார், இங்க மூடன் யாரு? நானா, இவனா?"

கண்ணாடியில் மூன்றாவதாக ஒருவரும் இருந்தார், நுரைக்குள்.

வாசகரே, சரியான பதில் ஒன்று இருக்கிறது. சொல்லிவிட்டால் அந்தப் பை தோளிலிருந்து இறங்கிவிடும். தயவுசெய்து நீங்களே சொல்லிவிடுங்கள், கொஞ்சம் சீக்கிரமாக. நான் இப்போது தாடையை அசைக்கக் கூடாது.