பெயர் புரியாத கோப்புகள்

எம்பிராய்டரி மெஷினின் கையகலத் திரை மூன்றாம் முறையும் 'சாதனம் இல்லை' என்றது. அவள் பென் டிரைவைப் பிடுங்கிப் பார்த்தாள். வெள்ளியாய் மின்னிய அதன் முதுகில் 128 என்று பொறித்திருந்தது. அவளுடையதில் சிவப்பு நூல் கட்டியிருக்கும். ஒன்பது வருடம் விரல் பட்டு ஓரம் மழுங்கியிருக்கும். கொள்ளளவு இரண்டே ஜிபி. நான்கு ஜிபிக்கு மேல் போனால் இந்த மெஷின் எதையும் கண்டுகொள்ளாது. இதைக் கணவனிடம் அவள் இதுவரை ஏழு முறை சொல்லியிருந்தாள்.

"பழசுதானே அது? அழுக்கு வேற. தம்பி வண்டியில பாட்டுக் கேக்கணும்னான், எடுத்துக் குடுத்துட்டேன்," என்றான் கணவன், சலவை செய்த வெள்ளைச் சட்டையைக் கதவு ஆணியில் மாட்டியபடி. "அதான் புதுசு வாங்கித் தந்திருக்கேன்ல? அறுபத்து நாலு மடங்கு பெருசு!"

"நான் கேட்டேனா?"

"நல்லது பண்ணினாக்கூடக் குத்தமா?"

மேசையில் நாற்பத்திரண்டு வெள்ளைக் கோட்டுகள் இருந்தன. மாலை ஆறு மணிக்கு மருத்துவமனை வண்டி வந்துவிடும். ஒவ்வொரு கோட்டின் மார்பிலும் ஒரு வட்டம், அதற்குள் ஒரு விளக்கு. பார்க்க எளிது. தைத்தாலோ துணி சுருங்கி, வட்டத்தின் தலையும் வாலும் ஒரு நூலிடை விலகி நிற்கும். பெரிய தெருக் கடைக்காரர் தைத்தவற்றில் அப்படித்தான் நின்றது. அதனால்தான் ஆர்டர் இவளிடம் வந்தது. இவளும் அப்படியே கொடுத்தால் வந்த வழியே திரும்பிப் போகும். அந்த நூலிடையை மூடப் பதினொரு நாள், மெஷின் முன் உட்கார்ந்து தையல் தையலாக நகர்த்தி, பென் டிரைவிலேயே சேமித்து வைத்திருந்தாள். கம்ப்யூட்டரில் இருந்தது திருத்தப்படாத மூலம். படியெடுத்து வைக்காதது தன் பிழை என்பதை அவள் அறிவாள். ஆனால் அதை இன்று வேறு எவரும் அவளிடம் சொல்லாதிருப்பது அவர்களுக்கு நல்லது.

கொழுந்தனை அழைத்தாள். பின்னணியில் பாட்டு அலறியது.

"அண்ணி! செம கிளியரா பாடுது!"

"அதுல இருந்ததெல்லாம் இருக்கா தம்பி?"

"இருக்கு அண்ணி. இடம் பத்தலைன்னு கொஞ்சம்தான் அழிச்சேன்."

"எதை?"

"பேரு புரியாததை எல்லாம்."

என்ன துணி, எந்த நூல், எத்தனையாவது திருத்தம் என்று ஒவ்வோர் எழுத்துக்கும் பொருள் வைத்து அவள் சூட்டிய பெயர்கள். அவளைத் தவிர யாருக்கும் அவை புரிய வேண்டியதில்லை. அவை இருந்த இடத்தில் இப்போது பாட்டு ஏறி உட்கார்ந்திருந்தது. "நல்லா கேளுங்க தம்பி," என்று சொல்லிப் போனை வைத்தாள். கோபம் வந்தால் அவள் குரல் உயராது, உச்சரிப்புத்தான் கூர்மையாகும். வேறொரு பழைய பென் டிரைவ் தேடி அவள் தெருவில் இறங்கியதும், கணவனும் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் வந்தான்.

தெருமுக்குக் கம்ப்யூட்டர் கடைக்காரர் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கணவனைப் பார்த்துப் பேசினார்.

"சார், மேடத்துக்கு எடுத்துச் சொல்லுங்க. ரெண்டு ஜிபி எல்லாம் மியூசியத்துலதான் கிடைக்கும்."

"நானும் அதைத்தாங்க சொல்றேன்!"

இருவரும் சிரித்தார்கள். அறிமுகமே தேவைப்படாத சிரிப்பு. அவள் அது முடியும்வரை காத்திருந்தாள்.

"சிரிச்சாச்சுன்னா, கழிச்சுப் போட்டதெல்லாம் எந்த டிராயர்ல இருக்குன்னு காட்டுங்க."

வயர்களுக்கும் உடைந்த மௌஸ்களுக்கும் அடியிலிருந்து இரண்டு ஜிபி பென் டிரைவ் மூன்றைப் பொறுக்கினாள். கடைக் கம்ப்யூட்டரிலேயே ஒவ்வொன்றாகச் செருகி, கோப்பை ஏற்றி, கழற்றி, மறுபடி செருகித் திறந்து, அளவை ஒப்பிட்டாள். முதலாவது தொட முடியாதபடி சுட்டது. இரண்டாவது, கொடுத்ததில் பாதியைத்தான் திருப்பித் தந்தது. மூன்றாவது மூடி உடைந்த கறுப்பு. பார்வைக்கு மூன்றிலும் அதுதான் மட்டம். நான்கு முறையும் கொடுத்ததைக் கொடுத்தபடியே தந்தது. ஐந்தாம் முறையும் செருகினாள்.

"நம்பிக்கை இல்லையா மேடம்?" இம்முறை கடைக்காரர் அவளைப் பார்த்தே கேட்டார்.

"நம்பிக்கையை ஊசியில கோக்க முடியாது."

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரிலிருந்த மூலத்தை அதில் ஏற்றிச் செருகியதும் மெஷின் சட்டென்று கண்டுகொண்டது. இனி, பதினொரு நாளை நினைவிலிருந்து எடுக்க வேண்டும். எந்தத் தையல், எந்தப் பக்கம், எவ்வளவு என்று வாய்க்குள் எண்ணியபடி நகர்த்தினாள். இரண்டரை மணி ஆயிற்று. நினைவு சரிதானா என்று தைத்துப் பார்த்தால்தான் தெரியும். கோட்டுகளோ எண்ணி வந்தவை. சோதனைக்கு அதே வெள்ளையில், அதே கனத்தில் துணி வேண்டும்.

அவள் திரும்பிக் கதவைப் பார்த்தாள்.

"ஏய், அது நாளைக்கு மீட்டிங்குக்குப் போட வேண்டியது!"

"பழசுதானே?" என்றாள், சட்டையின் மார்பை வளையத்தில் வைத்து இறுக்கியபடி. "புதுசு வாங்கித் தரேன். அறுபத்து நாலு மடங்கு பெருசா."

மெஷின் ஓடத் தொடங்கியது. விளக்கு முழுதாக விழுந்தது. பிறகு வட்டம் கிளம்பி, விளக்கைச் சுற்றி, துணியை லேசாக இழுத்துக்கொண்டே தன் தலையைத் தேடி வளைந்து வந்தது. கணவன் குனிந்து பார்த்தான். அவளும் குனிந்தாள். ஓடிக்கொண்டிருந்த ஊசிக்கும் வட்டம் தொடங்கிய புள்ளிக்கும் நடுவே இன்னும் ஒரு விரற்கடை வெள்ளை இருந்தது.