இனிப்பு போன இடம்

நாக்குக்காரர் என்றால் பானத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். பீர் ஆலையில் பல வருஷம் ருசி பார்த்தவர். ஒரு மடக்கு உள்ளே போனால் எந்தக் குழாயைச் சரியாகக் கழுவவில்லை என்று சொல்லிவிடுவார். அதே நாக்குதான் அவரைக் கவிழ்த்தது. ஆலையில் குடித்தது போதாமல் வெளியில், வெளியில் போதாமல் வீட்டில் என்று குடித்து, வேலையும் போய், கடைசியில் மகளின் பட்டமளிப்பு விழாவில் எல்லோர் முன்னாலும் படியில் உருண்டு விழுந்தார். அன்றோடு விட்டார். இப்போது பழரசம், தேயிலை, மதுவில்லாத பீர் இவற்றுக்கு மட்டும் மார்க் போட்டுக் கொடுக்கிறார். "ஒரு சொட்டு உள்ள போச்சுன்னு தெரிஞ்சா அன்னிக்கே நான் கிளம்பிடுவேன்" என்று மனைவி சொல்லி வைத்திருந்தாள். அவள் சொன்னால் செய்கிறவள்.

அன்று மத்தியானம் மைத்துனன் கூப்பிட்டிருந்தான். மனைவியின் தம்பி. பெல்ஜியத்திலிருந்து மதுவில்லாத பீரைப் பெட்டி பெட்டியாக இறக்கியிருந்தான். பெரிய ஓட்டல் ஒன்றின் தலைமைச் சமையல்காரி வந்து ருசி பார்த்து, பிடித்தால் மொத்தமாக எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. கிடங்கை ஒட்டிய சின்ன அறையில் வெள்ளை விரிப்புப் போட்டு, துலிப் பூ மாதிரி வாய் குவிந்த கண்ணாடிக் கோப்பைகளை வைத்திருந்தார்கள்.

முதல் புட்டி ஒழுங்காகத் திறந்தது. நுரை மெத்தென்று எழுந்து நின்றது. கிராம்பு, பழுத்த வாழைப்பழம், அப்போதுதான் சுட்ட ரொட்டியின் மேல்தோல் என்று வாசனை ஒவ்வொன்றாகப் பிரிந்து வந்தது. கடைசியில் மாவு கரைத்த மாதிரி கொஞ்சம் இனிப்பு. மதுவில்லாத பீரில் இனிப்பு மிஞ்சத்தான் செய்யும். ஒயினைத் துப்புகிற மாதிரி பீரைத் துப்ப முடியாது. கசப்பு தொண்டையருகில்தான் தெரியும் என்பதால் விழுங்கியே ஆகவேண்டும். விழுங்கினார். நல்ல மார்க் போட்டார்.

இரண்டாவது புட்டி வேறு பெட்டியிலிருந்து வந்தது. மூடியைத் தொட்டதும் பட்டென்று வெடித்துத் தெறித்து, நுரை மைத்துனனின் கையெல்லாம் வழிந்தது.

"என்ன இவ்வளவு கோவம் இதுக்கு!" என்று சமையல்காரி சிரித்தாள்.

நாக்குக்காரர் ஒரு மடக்கு விழுங்கினார். அதே கிராம்பு, அதே ரொட்டி. ஆனால் இனிப்பு இல்லை. ருசி வறண்டு, சுத்தமாக, கத்தி மாதிரி முடிந்தது. இனிப்பு எங்கே போயிற்று என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே காதுக்குப் பின்னால் இளஞ்சூடு ஏறியது. பழைய சிநேகிதன் பின்னாலிருந்து தோளில் கை போட்ட மாதிரி இருந்தது. கோப்பையைச் சட்டென்று கீழே வைத்தார். ஏனென்றால் உடம்பு அந்தக் கையைத் தட்டிவிடவில்லை.

"இதுதான் பிரமாதம்," என்றாள் சமையல்காரி. "நிஜ பீர் மாதிரியே இருக்கு."

"நிஜ பீர்தான் இது," என்றார் அவர். "மச்சான், இதுக்குள்ள ஈஸ்ட் உயிரோட இருக்கு. சர்க்கரையை எல்லாம் தின்னு தீர்த்துட்டு மதுவாக்கிடுச்சு. அதோட நிக்காது. காத்து ஏறிக்கிட்டே போகும். புட்டி தாங்காது."

மைத்துனன் அவரைத் தாழ்வாரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

"அத்தான், நல்ல நேரத்துல ஏழரையைக் கூட்டாதீங்க. லேபிள்ல மது சைபர்னு போட்டிருக்கு."

"லேபிளா குடிக்குது?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "மறைக்காம சொல்லுங்க. உங்களுக்குப் பழைய ஆசை எட்டிப் பாக்குதா? அதனாலதான் அப்படித் தோணுதோ?"

அப்படியும் இருக்கலாமோ என்று அவருக்கே ஒரு கணம் பட்டது. கிடங்குக் கதவைத் தள்ளினார். தகரக் கூரை தீயாகக் காய்ந்துகொண்டிருந்தது. மேற்குச் சுவரோரம் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு. ஒரு பெட்டியின் அடியில் காய்ந்து பிசுபிசுத்த கறை, அதில் பழுப்புக் கண்ணாடிச் சில்லு. வண்டிக்காரன் கீழே போட்டிருப்பான் என்றான் மைத்துனன். அவர் குனிந்து ஒரு மூடியின்மேல் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். தட்டையாக இருக்கவேண்டியது மேடாக உப்பியிருந்தது. எங்கோ உள்ளடுக்கில் டிக் என்று ஒரு சத்தம்.

"யாரும் உள்ள போகக் கூடாது. பூட்டு. ஒரு புட்டியை சோதனைக்கு அனுப்பு."

"சரி சரி, பாக்கலாம்," என்றவன், "அக்கா வீட்டுக்குக் காலையில ரெண்டு பெட்டி அனுப்பினேனே, அதெல்லாம் ஒண்ணும் ஆகலையே! உங்க பொண்ணு மாசமா இருக்கா, இதையாவது பயமில்லாம குடிக்கட்டும்னுதான் அனுப்பினேன்," என்றான்.

நாக்குக்காரர் வாசலைப் பார்த்து ஓடினார். ஓடிக்கொண்டே மகளுக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, மாமா அனுப்பின அந்த பீரைத் தொட்டியா?"

"இல்லப்பா, சமையலறையில இருக்கு. ஏன் இப்படி மூச்சு வாங்கறீங்க? குரலே ஒரு மாதிரி இருக்கே."

"அது நிஜ பீரும்மா. குடிச்சுப் பாத்தேன். நான் வர்ற வரைக்கும் அந்தப் பக்கமே..."

போன் கைமாறியது. "குடிச்சுப் பாத்தீங்களா?" என்றாள் மனைவி. அவ்வளவுதான். துண்டித்துவிட்டாள். திரும்பத் திரும்ப அடித்தும் எடுக்கவில்லை.

கிடைத்த வண்டியில் ஏறி அவர் வீடு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அவர்கள் சமையலறையில் அந்த நேரத்தில்தான் சன்னல் வழியாக வெயில் நேரே அடிக்கும். பையை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே ஓடினார். மனைவி சமையலறைக் கதவைச் சாத்தி, அதன்மேல் முதுகைச் சாய்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மெல்லிய ஒட்டுப்பலகைக் கதவு. மகள் பக்கத்துச் சோபாவில் வயிற்றில் கை வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஊதுங்க," என்றாள் மனைவி.

ஊதினார். அவள் முகம் தொங்கிப்போனது.

"முதல்ல அங்கேருந்து எழுந்திரு. அந்தப் பெட்டிங்களை நான் வெளிய..."

"வெளிய கொண்டு போய் என்ன பண்ணுவீங்க?"

அவர் சொன்னார். ஈஸ்ட், சர்க்கரை, காற்று, உப்பிய மூடி. சொல்லச் சொல்ல அது அவர் காதுக்கே பொய்யாகக் கேட்டது. குடித்த காலத்திலும் அவரிடம் இப்படித்தான் இம்மி பிசகாத விளக்கங்கள் இருந்தன. ஆலையில் குழாய் உடைந்தது, சட்டையெல்லாம் நனைந்தது, அந்த நாற்றம்தான் இது என்று எத்தனை தடவை. மனைவி கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். அப்போதும் இப்படித்தான் கேட்பாள்.

"என்னைத் தாண்டித்தான் உள்ள போகணும்," என்றாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் டிக் என்றது. அவள் காதில் விழவில்லை. அவர் காதில் விழுந்தது.

பிடித்து இழுத்தால் அவள் இன்னும் அழுத்தி உட்காருவாள். அவருக்கு அவளைத் தெரியும்.

"ஆமாடி, குடிச்சேன்," என்றார். "தெரிஞ்சேதான் குடிச்சேன். நல்லா இருந்துச்சு. இன்னும் வேணும்போல இருக்கு. வாசல்ல என் பை இருக்கு பாரு, அதுல ரெண்டு புட்டி வச்சிருக்கேன். உனக்கு ரோஷம் இருந்தா போய் உடைச்சுப் போடு."

"அப்பா!" என்றாள் மகள்.

மனைவி எழுந்தாள். நாற்காலி சாய்ந்து விழுந்தது. அவரைத் தள்ளிவிட்டு வாசலுக்குப் போனாள். "நீயும் போம்மா, அம்மாவைப் பிடிச்சுக்கோ," என்று மகளையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவர் பின்னால் போனார். வாசலில் மனைவி பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். கைக்குட்டை விழுந்தது, மூக்குக்கண்ணாடிக் கூடு விழுந்தது. வேறொன்றும் இல்லை. வெறும் பையோடு அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தபோது உள்ளே முதல் புட்டி வெடித்தது.

அதன் அதிர்ச்சியில் அடுத்தது. பிறகு எண்ணுகிற மாதிரி இல்லை. சன்னல் கண்ணாடி தெருவில் வந்து விழுந்தது. அக்கம்பக்கத்தார் கதவைத் திறந்து பார்த்தார்கள். மகள் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஒருவழியாகச் சத்தம் அடங்கியது.

பிறகு போய்ப் பார்த்தார்கள். ஒட்டுப்பலகையைத் துளைத்துக்கொண்டு பழுப்புச் சில்லுகள் இந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன, உட்கார்ந்திருப்பவளின் கழுத்து உயரத்தில். மனைவி ஒன்றைத் தொடப்போய்க் கையை இழுத்துக்கொண்டாள். கதவடியில் நுரை வழிந்து கூடத்துக்கு வந்துகொண்டிருந்தது. கிராம்பும் ரொட்டியுமாக வீடே மணத்தது.

மைத்துனனுக்கு உடனே போன் செய்தார். சமையல்காரிதான் எடுத்தாள், அழுதுகொண்டே. அத்தான் சொன்னது உண்மையா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவன் தனியாகக் கிடங்குக்குள் போயிருக்கிறான். மூடியில் விரலை வைத்துக் குனிந்திருக்கிறான். ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணைக் காப்பாற்றினார்கள். இன்னொன்றை முடியவில்லை. பார்க்கப் போனபோது, கட்டுக்குள்ளிருந்து, "உங்க நாக்கை நம்பியிருக்கலாம், அத்தான்," என்றான். இவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். பூட்டு என்று சொன்னோமே, பூட்டுகிறானா என்று நின்று பார்க்காமல் ஓடிவந்தோமே என்பது நெஞ்சில் முள்ளாக இருந்தது.

சமையலறையை எத்தனை தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் வாசனை போகவில்லை. மரச் சட்டங்களுக்குள் இறங்கிவிட்டது. மற்றவர்களுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்த பிறகும் அவருக்குத் தெரிந்தது. காலையில் கண் விழித்ததும் முதலில் அதுதான் வந்து எழுப்பியது. ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி தலை நிமிராமல் கேட்டாள்.

"அன்னிக்குச் சொன்னதெல்லாம் பொய்தானே?"

"பையில புட்டி இருக்குன்னது பொய்."

"மத்தது?"

அவர் சமையலறைப் பக்கம் பார்த்தார். புதுக் கதவு போட்டிருந்தார்கள்.

"அந்த வாசம் போற வரைக்கும் நான் உள்ள போகலை," என்றார். "தாகம் எடுத்தா தண்ணி நீயே கொண்டுவந்து கொடு."

அவள் மடித்த துணியைக் கீழே வைத்தாள். உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீரோடு வந்தாள். அவர் அதைக் கடைசிச் சொட்டு வரை குடித்து முடிக்கும்வரை அவர் தொண்டையைப் பார்த்தபடி அங்கேயே நின்றாள்.